மேலே மழை, கீழே வெள்ளம்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி



அருவியில் குளிக்க ஆசைப்படாதவர் நம்மில் யார்? திருநெல்வேலிச் சீமையில் வளரும் நமக்குக் குற்றாலமும் பாபநாசமும் மணிமுத்தாறும் பக்கத்து வீடு மாதிரி. ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், "சீசன் எப்படி?" என்பதுதான் ஊரெங்கும் பேச்சு. மாமா வீட்டார், சித்தி வீட்டார் எல்லாரும் சேர்ந்து வேன் பிடித்துக் கிளம்புவார்கள். பள்ளியிலும் சுற்றுலா அழைத்துச் செல்வார்கள். தலையில் அருவி விழும்போது பரீட்சைக் கவலை கூடப் பறந்து போகும்.

அந்த மகிழ்ச்சியைக் கெடுப்பதற்காக நான் இதை எழுதவில்லை. போனவர்கள் எல்லாரும் அதே மகிழ்ச்சியோடு வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். மலை ஆறுகளில் குளிப்பவர்களுக்குப் பெரும் பகை, திடீர் வெள்ளம். பாசி படிந்த பாறை வழுக்கும் என்று நமக்குத் தெரியும். கசத்தில் இறங்கினால் ஆபத்து என்றும் தெரியும். ஆனால் முழங்கால் அளவுத் தண்ணீர் சில நிமிடங்களுக்குள் ஆள் உயரம் ஆகிவிடும் என்பதைப் பலர் நம்புவதே இல்லை. "வெயில் அடிக்கிறதே, வெள்ளம் எப்படி வரும்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டால் பாதி ஆபத்து விலகிவிடும்.

வெயிலிலும் வெள்ளம் வருவது எப்படி?

மாடி வீட்டில் மழை பெய்யும்போது கவனித்திருப்பீர்கள். மொட்டை மாடி முழுவதும் விழும் மழை ஒரே குழாய் வழியாகத் தெருவில் கொட்டும். குழாயின் வாய் சிறியதுதான். ஆனால் அதில் வருவது மாடி முழுவதின் தண்ணீர். மலை ஆறும் இப்படித்தான். நாம் குளிக்கும் இடத்தில் அது பத்தடி அகலமே இருக்கலாம். ஆனால் மேலே உள்ள சரிவுகளில் பெய்யும் மழை எல்லாம் ஓடை ஓடையாக இறங்கி அந்தப் பத்தடிக்குள் வந்து சேர்கிறது. இவ்வாறு மழையைச் சேர்த்துக் கொடுக்கும் பரப்பை நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். ஒரு சதுர கிலோமீட்டர் என்பது 10 லட்சம் சதுர மீட்டர். ஆகவே 10 சதுர கிலோமீட்டர் உள்ள ஒரு சிறிய மலைப்பகுதியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழுந்த தண்ணீர் மொத்தம் 50 கோடி லிட்டர்! 10,000 லிட்டர் பிடிக்கும் லாரிகளில் அதை ஏற்ற 50,000 லாரிகள் வேண்டும்.

சமவெளியில் இந்த மழையில் ஒரு பகுதியை மண் குடித்துவிடும். மீதி வயலிலும் குளத்திலும் தேங்கும். மலையிலோ பாறையின் மேல் மெல்லிய மண் போர்வைதான் இருக்கிறது. சில நாட்களாகத் தொடர்ந்து மழை பெய்திருந்தால், நனைந்த பஞ்சு போல அந்த மண்ணும் இனி ஒரு சொட்டுக் கூட வாங்காது. சரிவோ செங்குத்து. தேங்க இடமில்லாத தண்ணீர் ஓடத்தானே செய்யும்?

மலை ஆற்றில் வெள்ளம் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். 6 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க அதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரமும் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். மலை முகட்டில் மேகம் கொட்டித் தீர்த்தது, கீழே குளிப்பவருக்குத் தெரியாது. ஆகையால் தலைக்கு மேல் இருக்கும் வானத்தைப் பார்த்து, "மழை இல்லை" என்று முடிவு செய்வது தவறு. நம்மை நோக்கி வரும் வெள்ளம் நம் தலைக்கு மேல் பெய்த மழையால் வருவதன்று. நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பெய்த மழையால் வருவது.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. மலை ஓடைகளில் சாய்ந்த மரங்களும் சருகும் கல்லும் சேர்ந்து தாமாகவே ஓர் அணை போல் அடைத்துக்கொள்ளும். பின்னால் தண்ணீர் தேங்கித் தேங்கி, அந்த அடைப்பு திடீரென்று உடைந்தால், தேங்கியது அத்தனையும் ஒரே மூச்சில் கீழே வரும். அணைகளிலிருந்து தண்ணீர் திறந்துவிடுவதும் மற்றொரு காரணம்.

தண்ணீரின் பலம்

ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோகிராம், அதாவது ஒரு டன். ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. வேகமாக ஓடும் தண்ணீர் அரையடி ஆழம் இருந்தாலே பெரியவர் ஒருவரின் காலை வாரிவிடக்கூடும். ஓரடி ஆழம் இருந்தால் சிறிய காரை நகர்த்தும். இரண்டடி ஆழம் இருந்தால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும்.

"எனக்கு நீச்சல் தெரியும்" என்று சொல்பவர்களுக்கும் இது பொருந்தும். குளத்து நீச்சல் வேறு, காட்டாற்று வெள்ளம் வேறு. வெள்ளத்தில் தண்ணீர் மட்டும் வருவதில்லை. கல்லும் கட்டையும் சேர்ந்து வரும். நுரை பொங்கும் தண்ணீரில் காற்று கலந்திருப்பதால் உடம்பு நன்றாக மிதக்கவும் செய்யாது. நம் பாவாடையும் சுடிதாரும் துப்பட்டாவும் நனைந்தால் எவ்வளவு கனக்கும், காலைச் சுற்றும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

நடந்தவை கற்பிக்கும் பாடம்

2024ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், பழைய குற்றாலம் அருவியில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று வெள்ளம் பாய்ந்து வந்தது. குளித்தவர்கள் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். பதினேழு வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். நம்மைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். இதில் நாம் கவனிக்க வேண்டியது மாதத்தை. மே மாதம் சாரல் காலமும் அன்று, ஐப்பசி அடைமழைக் காலமும் அன்று. கோடை மழையே அந்த வெள்ளத்தைக் கொண்டுவந்தது. ஆகவே வெள்ளத்துக்கென்று தனி மாதம் இல்லை என்று அறிகிறோம்.

அணைத் தண்ணீர் என்ன செய்யும் என்பதற்கு வடக்கே நடந்த ஒரு துயரம் சான்று. இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரைக்கு, 2014ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் கல்லூரி மாணவ மாணவியர் ஆற்றுக்குள் இறங்கிப் பாறைகளின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குறைவாகவே ஓடியது. மேலே லார்ஜி அணையில் திறந்துவிட்ட தண்ணீர் வந்து அவர்களைச் சூழ்ந்தது. மாணவ மாணவியர் 24 பேர் மாண்டார்கள். அங்கு அன்று வெள்ளம் வர மழை கூடத் தேவைப்படவில்லை.

தப்பும் வழி எது என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. 1976ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் மாலை, கொலராடோ மாநிலத்தில் பிக் தாம்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் சில மணி நேரத்துக்குள் ஏறக்குறைய ஓரடி மழை கொட்டியது. வெள்ளம் சுவர் போல எழுந்து வந்தது. 140க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காரில் வேகமாக ஓட்டி வெள்ளத்தை முந்திவிடலாம் என்று பள்ளத்தாக்குச் சாலையிலேயே போனவர்கள் பலர் அதில் சிக்கினார்கள். காரை அங்கேயே விட்டுவிட்டுப் பக்கத்துச் சரிவில் ஏறியவர்கள் பிழைத்தார்கள். அதன் பின்னர், வெள்ளம் வந்தால் மேலே ஏறுங்கள் என்ற எச்சரிக்கைப் பலகைகளை அங்குள்ள மலைச்சாலைகளில் நட்டார்கள். ஆற்றின் போக்கிலேயே ஓடக் கூடாது. பக்கவாட்டில் மேடு ஏற வேண்டும். இதை நாம் மறக்கவே கூடாது.

தண்ணீர் தரும் அடையாளங்கள்

திடீர் வெள்ளம் என்றாலும், பல வேளைகளில் அது சில நிமிடங்களுக்கு முன்பாவது அடையாளம் காட்டும். அவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

1. தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாக மாறுதல்.

2. சருகு, சுள்ளி, பச்சை இலை, நுரை ஆகியவை திடீரென்று அதிகமாக மிதந்து வருதல்.

3. தண்ணீர் மட்டம் உயர்தல். சற்று முன் வெளியே தெரிந்த பாறை இப்போது மூழ்கியிருந்தால் ஐயமே வேண்டாம்.

4. மேலிருந்து இரைச்சல் கேட்டல். தொலைவில் லாரி வருவது போலவும், கற்கள் உருள்வது போலவும் அது கேட்கும்.

5. தண்ணீர் காரணமின்றித் திடீரென்று குறைதல். மேலே அடைப்பு விழுந்திருக்கலாம். அது எந்த நேரமும் உடையலாம்.

6. மலை முகட்டில் கருமேகம் கவிந்திருத்தல், மின்னல், இடி.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கரையேற வேண்டும். இரண்டாவது அடையாளத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

குற்றாலம் பேரருவியில் இதற்கென ஓர் ஏற்பாடே இருக்கிறது. தண்ணீர் மலையிலிருந்து நேராக நம் தலைமேல் விழாமல், நடுவே உள்ள பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, அது நிரம்பி வழிந்தே கீழே வருகிறது. அதனால்தான் நாம் அங்கே நின்று குளிக்க முடிகிறது. அதற்கும் மேலாக அருவிக்கு முன் ஒரு பாதுகாப்பு வளைவு கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் பெருகும்போது தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழும். அப்போது குளிக்கத் தடை விதிப்பார்கள். தண்ணீரோடு கல்லும் மரத்துண்டும் வந்து விழக்கூடும் என்பதால்தான் அந்தத் தடை.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அருவியில் தடை என்றதும் சிலர், "இவ்வளவு தூரம் வந்துவிட்டு நனையாமல் போவதா?" என்று தோப்புக்குப் பின்னால் ஓடும் ஓடையையோ, ஆள் அரவம் இல்லாத தடுப்பணையையோ தேடிப் போகிறார்கள். அருவியில் வெள்ளம் வரக் காரணமான அதே மலையில்தான் அந்த ஓடையும் பிறக்கிறது. அருவியிலாவது காவலர் இருக்கிறார், பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. ஓடையில் யார் இருக்கிறார்கள்? தடை விதித்த நாள், மற்ற இடங்களிலும் குளிக்கக் கூடாத நாள் என்று பொருள் கொள்ள வேண்டும்.

புறப்படும் முன்பும் குளிக்கும்போதும்

வானொலி, தொலைக்காட்சி, கைபேசி ஏதாவது ஒன்றில் வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். வானிலை ஆய்வு மையம் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறங்களால் எச்சரிக்கை தருகிறது. நம் ஊருக்கு மட்டும் பார்த்தால் போதாது; மலைப்பகுதிக்கு என்ன நிறம் என்று பார்க்க வேண்டும்.

போய் இறங்கியதும் அங்கே டீக்கடை வைத்திருப்பவரிடமோ, வனத்துறைக் காவலரிடமோ, "அண்ணாச்சி, மேலே மழை உண்டா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மலையடிவாரத்து மனிதருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. அணைக்குக் கீழே உள்ள ஆறானால், தண்ணீர் திறக்கப் போகிறார்களா என்றும் கேளுங்கள். சங்கு ஊதினால் உடனே கரையேற வேண்டும்.

குளிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, மேட்டுக்கு ஏற வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருபுறமும் செங்குத்துப் பாறையாக இருந்தால் அந்த இடம் வேண்டாம். சாலை இருக்கும் கரையிலேயே குளியுங்கள். அக்கரைக்கும் ஆற்று நடுத்திட்டுக்கும் போகாதீர்கள். கரை மரங்களின் கிளைகளில் வைக்கோலும் கந்தலும் சிக்கியிருந்தால், முன்பு வெள்ளம் அந்த உயரம் வரை வந்திருக்கிறது என்று அறியலாம். பை, சோற்றுத் தூக்கு, மாற்று உடை எல்லாவற்றையும் அதற்கு மேலே வையுங்கள்.

தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். குச்சியைத் தாண்டித் தண்ணீர் வந்தால், மட்டம் உயர்கிறது என்று சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும். இதற்குக் காசு செலவில்லை.

எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்காதீர்கள். ஒருவர் குளிக்காமல் கரையில் உட்கார்ந்து, ஆறு வரும் திசையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒருவராக முறை வைத்துக்கொள்ளலாம். அவர் கையில் ஒரு விசில் இருக்கட்டும். அருவி இரைச்சலில் வாய்க்குரல் கேட்காது, விசில் கேட்கும். இருவர் இருவராகச் சோடி சேர்ந்துகொண்டால், விசில் ஊதியதும் யார் வரவில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

வெள்ளம் வந்துவிட்டால்

எதையும் எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். செருப்பும் கைபேசியும் சோப்புப் பெட்டியும் போனால் போகட்டும். சிறு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள்.

ஆற்று நடுவில் பாறையில் சிக்கிக்கொண்டால், பாறையின் உச்சிக்குப் போய் அங்கேயே இருங்கள். தண்ணீரில் இறங்கிக் கரைக்கு வர முயலாதீர்கள். கரையில் இருப்பவர்கள் 112 அல்லது தீயணைப்புத் துறையின் 101 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அடிபட்டவருக்கு 108.

தண்ணீர் இழுத்துவிட்டால், எழுந்து நிற்க முயல வேண்டாம். கால் பாறை இடுக்கில் சிக்கினால் வெள்ளம் நம்மைக் கவிழ்த்துவிடும். மல்லாந்து படுத்து, கால்களை ஆறு போகும் திசைக்கு நீட்டிக்கொள்ளுங்கள். வரும் பாறையைக் காலால் தள்ளலாம், தலை தப்பும். கைகளால் துழாவிச் சாய்வாகக் கரையை நோக்கி ஒதுங்குங்கள். குறுக்கே கிடக்கும் மரக்கிளைகளுக்குள் மட்டும் போய்ச் சிக்காதீர்கள்.

ஒருவர் அடித்துச் செல்லப்படுவதைக் கண்டால் நாமும் குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்கினார் என்ற செய்தியை எத்தனை முறை செய்தித்தாளில் படித்திருக்கிறோம்! கயிறு, நீண்ட கம்பு, முடிச்சுப் போட்ட சேலை, மூடிய காலி பிளாஸ்டிக் குடம் இவற்றில் எது கிடைத்தாலும் வீசுங்கள். கரையில் படுத்துக்கொண்டு நீட்டினால் நம்மை இழுக்காது. கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்ளாமல் கையில் மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சொல்லத் தயங்காதீர்கள்

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஒன்று இல்லாவிட்டால் பயனில்லை. அதுதான் வாய் திறந்து சொல்லும் துணிவு. மெதுவாகப் பேசு, பெரியவர்கள் நடுவே குறுக்கிடாதே என்று சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள். அது நல்ல பழக்கம்தான். ஆனால் ஆற்றங்கரையில், சருகு மிதந்து வருவதை முதலில் பார்ப்பவள் குளிக்காமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணாகவும் இருக்கலாம். "நான் போய்ச் சொல்வதா? பெரியவர்களுக்குத் தெரியாதா?" என்று அவள் பேசாமல் இருந்துவிட்டால் என்ன ஆகும்?

"சித்தப்பா, தண்ணி கலங்குது, ஏறி வாங்க!" என்று உரக்கக் கூப்பிடுங்கள். "பயந்தாங்கொள்ளி" என்று அண்ணன்மார் சிரிக்கலாம். வெள்ளம் வராமலே போகலாம். அதனால் என்ன? பத்துத் தடவை வீணாகக் கரையேறியவர் இழப்பது பத்து நிமிடக் குளியல்தான். ஒரு தடவை ஏறாமல் இருந்தவர் இழப்பதை யாராலும் திருப்பித் தர முடியாது. நம்மை நம்பி வந்த தம்பி தங்கையருக்காகவாவது நாம் சத்தம் போடப் பழகிக்கொள்ள வேண்டும்.

தோழியரே, அடுத்த சாரலுக்கும் நாம் போவோம். ஆசை தீரக் குளிப்போம். ஆனால் ஒருத்தி கரையில் இருக்கட்டும், குச்சி ஒன்று நட்டிருக்கட்டும், கண் ஆற்றின் மேல் இருக்கட்டும். அருவி நாளையும் விழும். சீசன் அடுத்த ஆண்டும் வரும். அதைக் காண நாம் எல்லாரும் இருக்க வேண்டும் அல்லவா?